காசு வேறு, பிள்ளை வேறு: ஒன்ராறியோவில் பிரிந்திருக்கும் அப்பாமாருக்கு

கனடாவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள்ளேயே குடும்பம் பிரிந்துபோன ஆட்களை ஸ்காபரோவில் நிறையவே பார்க்கிறேன். யாரில் பிழை என்று கதைக்க வரவில்லை. பிள்ளை ஒரு வீட்டிலும் அப்பா ஒரு பேஸ்மென்ட் அறையிலுமாக ஆன பிறகு என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிக் கதைப்பார்கள். சரிவராவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு. காசு கொடுக்கிறவன் பிள்ளையைப் பார்க்கலாம், கொடுக்காதவனுக்குப் படலை பூட்டு. அந்தக் கணக்கை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

முறையான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் தாபரிப்புக்கு எவ்வளவு கட்டுவது என்பதை வரிக்கு முந்திய உங்கள் ஆண்டு வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து ஓர் அட்டவணை சொல்லும். டேகேர், மருத்துவம் போன்ற மேலதிகச் செலவுகளை இருவரும் வருமான விகிதப்படி பிரிக்க வேண்டும். “சனி ஞாயிறு என்னோடுதானே நிற்கிறாள், குறையுங்கள்” என்பது எடுபடாது. வருடத்தில் 40 வீத நேரமாவது பிள்ளை உங்களோடு இருந்தால்தான் அந்தக் கதைக்கே இடம். அது 146 நாள். எல்லாச் சனி ஞாயிறும் சேர்த்தாலே 104 நாள்தான் வரும். நீதிமன்ற உத்தரவு வந்ததும் அது எஃப்ஆர்ஓ என்கிற குடும்பப் பொறுப்பு அலுவலகத்துக்குப் போகும். சம்பளத்துக்கு வேலை செய்பவரிடம் அவர்கள் வேலைத்தலத்திலேயே காசைப் பிடித்து மற்றவருக்கு அனுப்புவார்கள்.

என் நண்பன் அகப்பட்டது இதற்குப் பிறகுதான். பேக்கரி ஒன்றுக்குச் சொந்தக் கணக்கில் வான் ஓடிக்கொண்டிருந்தான். சம்பளத்தில் பிடிப்பு இல்லாததால் எஃப்ஆர்ஓவுக்கு அவனே மாதாமாதம் கட்டிவந்தான். சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது உத்தரவு. முதலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள், பிறகு பிறந்தநாள் விழா என்றார்கள், கடைசியில் கதவே திறக்கவில்லை. அவன் நீதிமன்றம் போகாமல், எல்லாக் குடும்பத்துக்கும் புத்தி சொல்லும் ஒரு பெரியவரிடம் போனான். “காசை நிற்பாட்டடா தம்பி, தானாகக் கொண்டுவந்து விடுவினம்” என்றார் அவர்.

நிற்பாட்டினான். ஆனால் பிள்ளை மேல் உள்ள பாசம் விடுமா? குளிர் ஜாக்கெட், பூட்ஸ், வகுப்புக் காசு என்று வாங்கி அனுப்பினான், மச்சான்காரன் கையிலும் காசு கொடுத்தான். எஃப்ஆர்ஓ கணக்கில் இதில் ஒரு சதமும் ஏறவில்லை. உத்தரவு அங்கே பதிவாகியிருக்கும்போது வெளியே கொடுப்பது பெரும்பாலும் அன்பளிப்பாகத்தான் போய்ச் சேரும். நிலுவை ஏறியது. சாரதி அனுமதிப்பத்திரம் 30 நாளில் நிறுத்தப்படும் என்று வந்த கடிதம், பீட்சா விளம்பரங்களுக்கு நடுவில் உடைக்காமலே கிடந்தது. பத்திரம் போனது, வான் நின்றது, வருமானமும் நின்றது. ஆனால் மாதத் தொகை நிற்கவில்லை. பிறகு சனிக்கிழமைகளைக் கேட்டு நீதிமன்றம் ஏறினபோது முதலில் எழுந்த கேள்வி நிலுவை பற்றியது. கதவைத் திறக்காத பக்கம் இருக்க, கோப்பில் பிழைகாரனாகத் தெரிந்தவன் இவன். அந்தப் பெரியவரை இப்போதும் கலியாண வீடுகளில் காண்கிறேன். இன்னும் புத்தி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இங்கே காசும் பிள்ளையின் உரிமை, அப்பாவைப் பார்ப்பதும் பிள்ளையின் நன்மைக்காக. ஒன்றைப் பிடித்துவைத்து மற்றதைக் கேட்க முடியாது. காசு வரவில்லை என்று பிள்ளையை மறிப்பதும் அதே பிழைதான். எஃப்ஆர்ஓ காசை மட்டும்தான் பார்க்கும். பிள்ளையைக் காட்டவில்லை என்று அங்கே முறையிட்டுப் பயனில்லை, தொகையைக் குறைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பிள்ளையைத் தடுத்தால் கட்டுவதைத் தொடர்ந்துகொண்டே நீதிமன்றத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தால் அந்த மாதமே உத்தரவை மாற்ற மனுப் போடுங்கள். 30 நாள் கடிதம் வந்துவிட்டதா? முழுவதையும் கட்டலாம், எஃப்ஆர்ஓவோடு தவணை பேசலாம், அல்லது அனுமதிப்பத்திரத்தை நிறுத்தாமல் இருக்க நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். எதைச் செய்தாலும் அந்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். இதே நிலுவை கடவுச்சீட்டையும் முடக்கக்கூடியது. ஊரில் அம்மா படுக்கையில் கிடக்கும்போது அது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை.

உத்தரவு எழுதும்போது “நியாயமான நேரம்” என்ற வசனத்துக்குச் சம்மதிக்காதீர்கள். சண்டை என்று வந்தால் அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சனி காலை 10 மணி, எந்த வாசலில் ஏற்றுவது, எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது, எந்த நாட்களில் வீடியோ அழைப்பு, தைப்பொங்கலுக்கு யாரிடம் என்று எல்லாமே எழுத்தில் வரட்டும். தமிழ் வகுப்பும் சனிக்கிழமைதான் இருக்கும். உங்கள் நேரத்தை வகுப்பு தின்கிறது என்று கோபப்படாமல், கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். பிள்ளை காரில் பின்னால் இருந்து, அன்றைக்குச் சொல்வதெழுதுதலில் வரப்போகிற சொற்களை உங்களிடம் ஒப்புவிக்கும். அதைவிட நல்ல நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

பிள்ளையைப் பார்க்கும் நேரம் உத்தரவில் இருந்தால் பள்ளிக்கூடத்திலும் டொக்டரிடமும் பிள்ளையைப் பற்றி விசாரிக்க உங்களுக்கும் உரிமை உண்டு, நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய. உத்தரவின் பிரதியோடு அதிபர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

பொலிஸ் வழக்கு ஒன்று இருந்து, பிணையில் “தொடர்பு கூடாது” என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. பிள்ளையைப் பற்றிக் கேட்கிற ஒரு குறுஞ்செய்தி, அக்கா மூலம் சொல்லி அனுப்புகிற ஒரு சொல், இரண்டுமே பிணையை மீறினதாகலாம். அந்தத் தாளை முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் குடும்ப நீதிமன்றங்களில் இலவசத் தகவல் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு, லீகல் எய்ட் என்கிற சட்ட உதவி அமைப்பின் சார்பில் அன்றைக்கு நீதிமன்றத்தில் கடமையில் இருக்கும் சட்டத்தரணியும் அங்கேயே உதவுவார். காலையில் நேரத்தோடு போங்கள், வந்த கடிதங்களை எல்லாம் உறையோடு கொண்டு போங்கள்.