பெருந்தொற்றுக்குப் பின் தொழிலைத் தூக்கி நிறுத்தப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பு சின்னதாக ஓர் அச்சகம் நடத்தினேன். இப்போது சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், தடுமாறி நிற்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு மூன்று பேர் என்னோடு உட்கார்ந்து பழகுகிறார்கள். அவர்களில் ஒருவர் சமீபத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சார், நான் கணக்குப் பார்க்கிறவருக்கு லோன் பணம் வந்ததும் முதல் வேலையா பழைய பாக்கி எல்லாத்தையும் அடைக்க வச்சுட்டேன். இனிமே அவருக்குத் தலைவலியே இல்லை."

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன்.

ரசீதைத் தொலைப்பது, கணக்கு எழுதாமல் விடுவது எல்லாம் தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிறவைதான் இங்கே பேச்சு.

பழைய பாக்கியை ஒரே மூச்சில் அடைப்பது

என் அச்சகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது ஒரு கடன் கிடைத்தது. பாக்கி வைத்திருப்பது மானக்கேடு என்று வளர்ந்தவன் நான். காகித வியாபாரிக்கு நேரில் போய் மொத்தப் பாக்கியையும் எண்ணி வைத்தேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். அந்த ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். ஓடாமல் கிடந்ததில் ரோலர்களின் ரப்பர் இறுகியிருந்தது, மை பிடிக்கவில்லை. கிடங்கில் இருந்த காகிதம் ஈரம் இழுத்து ஓரமெல்லாம் அலையலையாக நெளிந்திருந்தது. இயந்திரத்தில் வைத்தால் இரண்டு இரண்டு தாளாக இழுத்தது. ரோலர் மாற்ற வேண்டும், காகிதம் புதிதாக வாங்க வேண்டும். இந்தத் திறப்புச் செலவு என் கணக்கிலேயே இல்லை.

இரண்டு வாரத்தில் நல்ல ஆர்டர் ஒன்று வந்தது. அதே காகித வியாபாரியிடம் போனேன். "இப்ப யாருக்கும் கடன் இல்லைங்க, கையில காசுன்னா தரேன்" என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு மேலே இருப்பவரும் அப்படித்தான் கேட்டிருப்பார். ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. அவருக்கு நான் கொடுத்த பணத்தில் பாதி கையில் இருந்திருந்தால் போதும்.

இது எப்படி நடக்கிறது என்று கணக்காகவே பாருங்கள். சரக்கு உங்களிடம் 30 நாள் கிடக்கிறது, விற்ற பிறகு வாடிக்கையாளர் 45 நாளில் பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 75 நாள். முன்பு சரக்குக் கொடுத்தவர் 30 நாள் கடன் கொடுத்தார், ஆகவே நீங்கள் தாங்க வேண்டியது 45 நாள்தான். இப்போது அவர் கடனை நிறுத்திவிட்டார். முழு 75 நாளும் உங்கள் தலையில். வியாபாரம் பழைய அளவில் பாதிதான் என்றாலும், முன்பு முழு வியாபாரத்துக்குத் தேவைப்பட்ட கைமுதலில் ஆறில் ஐந்து பங்கு வேண்டும். விற்பனை ஏற ஏற இது இன்னும் ஏறும். பூட்டிக் கிடந்தபோது தாக்குப் பிடித்த தொழில், ஆர்டர் வரத் தொடங்கியதும் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

அதற்காகப் பாக்கியை ஏமாற்றச் சொல்லவில்லை. தொழிலாளர் சம்பளப் பாக்கியை முதலில் கொடுங்கள், அதில் பேரம் வேண்டாம். நின்றால் தொழிலே நின்றுவிடும் என்கிற மின்கட்டணம், வாடகை போன்றவை அடுத்து. மற்றவர்களிடம் நீங்களே முந்திப் போய்ப் பேசுங்கள். "ஒவ்வொரு தடவை சரக்கு எடுக்கும்போதும் பழைய பாக்கியில் பத்தில் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறேன், புதுச் சரக்குக்கு 15 நாள் தவணை கொடுங்கள்" என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். பாக்கியை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் கேட்பதற்குக் கையில் பிடி இருக்காது. நான் அந்தப் பிடியைத்தான் கைகுலுக்கலுக்கு விற்றேன்.

ஒத்திவைப்பைத் தள்ளுபடி என்று நினைப்பது

உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது 2023 மே 5 அன்று. ஒத்திவைத்த கடன் தவணைகள் அதற்குப் பிறகும் பலரைத் துரத்திக்கொண்டிருந்தன. தவணை நிற்கும்போது பொதுவாக வட்டி நிற்பதில்லை. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன், தொடக்கத்திலேயே 6 மாதம் ஒத்திவைப்பு, வட்டி மாதாமாதம் அசலில் சேர்கிறது என்றால், 100 என்பது 106-ஐத் தாண்டிவிடும். பழைய தவணைத் தொகையையே கட்டினால் கடன் முடிய 6 மாதமல்ல, 11 மாதத்துக்கு மேல் கூடுதலாகும். ஒத்திவைப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சில நேரம் அது உயிர் காக்கும். கையெழுத்துப் போடும் முன் புதிய முடிவுத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

விலையை வெட்டிக் கூட்டம் சேர்ப்பது

100-க்கு விற்கும் பொருளின் அடக்கம் 70 என்றால் 30 நிற்கும். 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 10தான் நிற்கும். பழைய லாபம் வர மூன்று மடங்கு விற்க வேண்டும். ஆள் போதாத நேரத்தில் மூன்று மடங்கு யார் விற்பது? வீணாகப் போகிற சரக்கு என்றால் மட்டும் வெட்டித் தள்ளுங்கள், அது வேறு கணக்கு.

2019 விற்பனையை வைத்துத் திட்டம் போடுவது

வேண்டாம்.

வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் கலப்பது

கலந்தாயிற்றா? இன்றைக்கே தனிக் கணக்கு தொடங்குங்கள்.

தேதி இல்லாத வரவு

"இந்த மாசம் வந்துடும் சார்" என்பது வரவு அல்ல. எந்த வாரம் என்று எழுத முடியாத பணத்தைத் தாளில் சேர்க்காதீர்கள். 13 வாரத்துக்குக் கட்டம் போட்டு, வாரவாரம் கைக்கு வருவது, கையை விட்டுப் போவது, மீதி என்று மூன்றே வரிசை எழுதினால் போதும். லாபமா நட்டமா என்பது அதில் தெரியாது. எந்தச் சனிக்கிழமை சம்பளம் போட முடியாது என்பது தெரியும்.

சிரித்துக்கொண்டு வந்த பிள்ளையை உட்காரவைத்து இதைத்தான் எழுதச் சொன்னேன். முதல் நான்கு வாரம் கடகடவென்று எழுதினார். ஐந்தாவதில் பேனா மெதுவாயிற்று. ஆறாவது வாரத்தின் மீதியில் கழித்தல் குறி வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "அண்ணே, உங்க சரக்குக்காரரைப் பார்க்க நாளைக்குக் காலையிலேயே போகணும், நானும் வரேன்" என்பது வரைக்கும் என் காதில் விழுந்தது.