எலுமிச்சையில் இருக்கும் புரோட்டான்: சங்குப்பூவை வைத்து ஒரு சோதனை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு அமிலம் பற்றிச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான், எனக்கே ஒரு முடிச்சு அவிழாமல் கிடப்பது தெரிந்தது. அதை அவிழ்த்த விதம் இது.

1. நீலச் சங்குப்பூ ஏழெட்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஆறியதும் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் சரியாகத் தெரியாது.

2. எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இதற்குக் கரண்டி சரிவராது. மருந்துக் கடையில் விற்கும் டிராப்பர்தான் என் தேர்வு. சாறு விழுந்த இடத்தில் ஊதா நூல் ஒன்று இறங்கிக் கலையும். அப்புறம் கோப்பை முழுவதும் ஊதா. மேலும் விட்டால் இளஞ்சிவப்பு. கழிவறை ஆசிட்டை மட்டும் இதற்குத் தொடவே தொடாதீர்கள்.

3. ஏன் மாறுகிறது? அணுக்கருவில் இருக்கும் நேர்மின் துகள்தான் புரோட்டான். அதைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம் என்று 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்ற வேதியியலாளர்கள் இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். இங்கே எலுமிச்சை கொடுக்கிறது, பூவின் நிறமி வாங்குகிறது.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சோடியம் அணுவில் 11 புரோட்டான்கள் இருக்கின்றன, ஹைட்ரஜனில் ஒன்றே ஒன்று. அப்படியென்றால் சோடியம் அல்லவா பெரிய அமிலமாக இருக்க வேண்டும்? தாளில் வட்டம் போட்டு வரைந்த பிறகுதான் புரிந்தது. வேதிவினையில் எலக்ட்ரான்கள் கைமாறும், அணுக்கரு உடையாது. சோடியம் ஓர் எலக்ட்ரானை விட்டாலும் மீதி 10 எலக்ட்ரான்கள் சுற்றி நிற்கும், 11 புரோட்டான்களும் கருவுக்குள்ளேயே இருக்கும். சாதாரண ஹைட்ரஜனிலோ ஒரு புரோட்டான், ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். நியூட்ரான்கூடக் கிடையாது. அந்த எலக்ட்ரானை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் புரோட்டான். புத்தகத்தில் ஓரிடத்தில் ஹைட்ரஜன் அயனி என்றும் இன்னோரிடத்தில் புரோட்டான் என்றும் வருவது ஒன்றேதான். இந்தப் படத்தை நீங்களும் ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள்.

4. இப்போது ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. நுரைத்துக்கொண்டே நிறம் நீலத்தை நோக்கித் திரும்பும். சோடாவில் உள்ள பைகார்பனேட் புரோட்டானை வாங்கிக்கொண்டு, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது.

பிற்சேர்க்கை: பத்துச் சொட்டு விட்டும் நீலம் அசையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், போர் தண்ணீர். இப்படிப்பட்ட கடினத் தண்ணீரில் இருப்பதும் அதே பைகார்பனேட்தான். பூவுக்குப் போக வேண்டிய புரோட்டானை அது முதலில் வாங்கிக்கொள்கிறது. மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் காய்ந்த பூவின் மேல் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத் தூளை, தூவிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஆகாது. எலுமிச்சை உப்பு விடும் புரோட்டானைத் தண்ணீர் மூலக்கூறு வாங்கித்தான் பூவிடம் சேர்க்க வேண்டும். அதே இதழில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரம் பட்ட இடம் மட்டும் நிறம் மாறும்.