உதகையில் டென்னிஸ் பந்தின் துள்ளலை அளப்பது எப்படி

பள்ளிச் செயல்திட்டத்துக்கு விளையாட்டின் இயற்பியல் என்றதும் பல மாணவர் குழுக்கள் கிரிக்கெட் சுழற்பந்தைத் தேர்ந்தெடுத்து, அளக்க வழியின்றித் திணறுகின்றன. டென்னிஸ் பந்தின் துள்ளல் அதைவிட எளிது, உதகைக்குப் பொருத்தமானதும்கூட. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், உள்ளே காற்றடைத்த பந்து இங்கு சமவெளியைவிடச் சற்று அதிகமாகத் துள்ளும். பன்னாட்டு விதிகள் 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கெனத் தனிவகைப் பந்தையே வைத்திருக்கின்றன.

சுவரில் 254 சென்டிமீட்டர் உயரத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒருவர் ஸ்டூல் மேல் நின்று, பந்தின் அடிப்பகுதி கோட்டைத் தொடுமாறு பிடித்து, தள்ளாமல் விரல்களை மட்டும் விரிக்க வேண்டும். மற்றொருவர் கைபேசியைப் பந்து எழும் மட்டத்தில் வைத்து, மெதுவியக்கக் காணொளியாகப் பதிவு செய்யட்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அளவு பிசகும். பத்து முறை அளந்து சராசரி காணுங்கள். எழுந்த உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், மோதிய பின் பந்தின் வேகத்தில் எவ்வளவு பங்கு மிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் மீட்சியளிப்பு குணகம் கிடைக்கும். சாதாரணப் பந்து விதிப்படி 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். அதாவது குணகம் சுமார் 0.73 முதல் 0.76 வரை.

குளிர்ந்த பந்து குறைவாகத் துள்ளும் என்பதால், காலை பிரேயருக்கு முன் ஒருமுறையும் மதிய வெயிலில் ஒருமுறையும் அளந்து, வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பனியில் நனைந்த பந்தை மட்டும் எடுக்காதீர்கள். ரோமம் நீரை உறிஞ்சி எடை கூடிவிடும்.