பின்னால் வருகிறவரை மறக்காதீர்கள்: சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் தவறுகள்

கார்காரர்களைத் திட்டுவதில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரே குரல்தான். நமக்குள் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். சத்தம் காட்டாமல் உரசிக்கொண்டு முந்துவது, நடுவழியில் சட்டென்று நிற்பது, எதிர்த்திசையில் வந்து மறிப்பது என்று எல்லாம் உண்டு. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் முரடர்கள் இல்லை. பின்னாலும் ஒருவர் வரலாம் என்ற நினைப்பு அந்த நேரத்தில் வராதவர்கள். சைக்கிள்களில் பெரும்பாலும் பக்கவாட்டுக் கண்ணாடி கிடையாது, பிரேக் விளக்கு கிடையாது, எஞ்சின் சத்தமும் கிடையாது. ஒருவர் கையாலோ வாயாலோ சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும்.

முந்துவதையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், முன்னால் ஒருவர் 12 கி.மீ. வேகத்தில் போகிறார். நீங்கள் வருவதே அவருக்குத் தெரியாது. ஒரு பள்ளத்தைப் பார்த்து அரை மீட்டர் ஒதுங்கினால் நேராக உங்கள் மேல்தான் வருவார். எனவே மணியடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், எப்போது அடிக்கிறோம் என்பது. இந்த வேக வித்தியாசத்தில் 15 மீட்டர் தொலைவில் அடித்தால் அவருக்கு நான்கு விநாடி கிடைக்கிறது. மூன்று மீட்டரில் அடித்தால் ஒரு விநாடிகூட இல்லை. காதோரம் மணி கேட்டுத் திடுக்கிட்டவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கமே ஹேண்டிலும் கொஞ்சம் சாயும் என்பது சைக்கிளின் குணம். ஒதுங்கச் சொல்லி அடித்த மணியே அவரை உங்கள் பாதையில் கொண்டுவந்து விடும்.

1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளுக்கு மணி இருக்க வேண்டும் என்கிறது. மணியைத் தவிர வேறு ஒலிக் கருவி கூடாது என்றும் சொல்கிறது. லாரி ஹாரன் போல அலறும் கருவிகளைப் பொருத்திக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். என்னைக் கேட்டால், ஒரு மெல்லிய மணிச் சத்தம், கடக்கும்போது ஒரு 'நன்றி', இது போதும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் வலப்பக்கமாகவும், வலப்பக்கம் ஓடும் நாட்டில் இடப்பக்கமாகவும் முந்த வேண்டும். இடுக்குக் கிடைத்தது என்று ஓரத்துப் பக்கம் நுழைந்தால், அவர் ஓரமாக ஒதுங்கும்போது உங்களுக்குப் போக வழியிருக்காது.

அடுத்தது, நான் அதிகம் கோபப்படும் விஷயம்: தெரியாதவரின் முதுகில் ஒட்டிக்கொள்வது. இதற்கு ஆசைப்பட நியாயமான காரணம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காக ஏறுகிறது. அதை வெல்லக் காலுக்குத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காக ஏறுகிறது. சமதரையில் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் மிதிக்கிற மிதியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். ஆனால் முன்னால் போகிறவர் தனியாகப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். இஷ்டப்படி பிரேக் பிடிப்பார், பள்ளத்தில் வளைவார், துப்பவும் துப்புவார். குற்றம் அவருடையது இல்லை. "கொஞ்ச தூரம் பின்னால வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அவரும் பின்னால் ஆள் இருப்பதை மனதில் வைத்து ஓட்டுவார். கேட்டு வந்தவர் சிறிது நேரம் கழித்து முன்னால் போய்க் காற்றைத் தாங்குவதும் முறை.

ஒட்டி வரும்போது செய்யும் மோசமான தவறு, உங்கள் முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோவது. அவர் ஒரு சாண் நகர்ந்தாலும் இரண்டு சக்கரங்களும் உரசும். சைக்கிள் விழாமல் நிற்பதே முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சமன்செய்வதால்தான். அந்தச் சக்கரம் உரசி மாட்டிக்கொண்டால் திருப்ப முடியாது. விழுகிறவர் பின்னால் வந்தவர்தான். ஒருமுறை நண்பர் ஒருவரின் பின்னால் பேசிக்கொண்டே போனபோது நான் இப்படி விழுந்தேன். அவர் நான் கேட்டுக்கொண்டு வருவதாக நினைத்து, இன்னும் நூறு மீட்டர் பேசிக்கொண்டே போயிருக்கிறார்.

முன்னால் இருப்பவருக்கும் கடமை உண்டு. பள்ளத்தை விரலால் சுட்டிக்காட்டுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது உள்ளங்கையைக் கீழே காட்டுங்கள். கையை எடுக்க முடியாவிட்டால் குரல் கொடுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சீட்டை விட்டு எழும் அந்தக் கணத்தில், பின்னால் இருப்பவர் கண்ணுக்கு உங்கள் சைக்கிள் திடீரென்று பின்னால் வரும். மிதியை விடாமல், பெடல் கீழிறங்கும் அழுத்தத்தோடு எழுந்தால் அது குறையும். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகும் தன் முறை வந்ததும் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்கிக் கழன்றுபோவது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஜோடியாகப் போகும்போது எப்போதும் அரைச் சக்கரம் முந்தியே இருக்கிறவர்களும் அதே ரகம். நீங்கள் எட்டிப் பிடித்தால் மறுபடி அரைச் சக்கரம் முந்துவார்கள். பேச்சும் நின்றுபோகும், போட்டி என்று சொல்லாமலே போட்டி நடக்கும்.

சிக்னலில் வரிசையாக நிற்பவர்களை எல்லாம் தாண்டி முன்னால் போய் நிற்பது இன்னொரு பழக்கம். அவர்களில் பாதிப் பேர் உங்களைவிட வேகமாகப் போகிறவர்கள். பச்சை விழுந்ததும் அத்தனை பேரும் மோட்டார் வண்டிகளுக்கு நடுவே உங்களை மறுபடி முந்த வேண்டியிருக்கும். வந்த வரிசையில் நில்லுங்கள்.

எதிர்த்திசையில் வருவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருவரும் 20 கி.மீ. வேகத்தில் வந்தால் நெருங்கும் வேகம் 40. அதாவது விநாடிக்கு 11 மீட்டர். ஒருவர் சாலையின் நடுப்பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அநேகமாக அது ஒழுங்காக வந்தவராகத்தான் இருப்பார், அதுவும் பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க நேரமில்லாமல்.

இரவில் முன்விளக்கைத் தரைப்பக்கம் சாய்த்து வையுங்கள். இன்றைய எல்இடி விளக்குகள் எதிரே வருகிறவரைச் சில விநாடி குருடாக்கிவிடும். மினுக்கி மினுக்கி எரியும் விளக்கைப் பார்த்துத் தூரத்தைக் கணிப்பதும் கடினம். ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் முன்விளக்குக்கு அனுமதியே இல்லை. மழைநாளில் மட்கார்டு இல்லாமல் கூட்டத்தின் முன்னால் போகாதீர்கள். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராகப் பின்னால் வருகிறவரின் முகத்துக்குப் போகிறது. துப்புவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். போன் வந்தால் பாதையை விட்டு முழுவதும் வெளியே வந்து நின்று பேசுங்கள். வண்டி பாதியும் நீங்கள் மீதியுமாக வழியை அடைக்க வேண்டாம்.

கேட்காத அறிவுரை ஒரு தனி நோய். எனக்கும் இருந்தது. ஒரு பெரியவரிடம் "சீட்டை இன்னும் ஏத்துங்க, முட்டிக்கு நல்லது" என்றேன். "முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் சொன்ன உயரம் தம்பி" என்றார். அதற்குப் பிறகு, கழன்று தொங்கும் பையையும் சக்கரத்தில் மாட்டப்போகும் துப்பட்டாவையும் தவிர நான் யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

ஓரமாக வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் நின்றால் மட்டும் கேட்காமல் போகக் கூடாது. வேகத்தைக் குறைத்து, "எல்லாம் இருக்கா?" என்றால் போதும். பத்தில் ஒன்பது பேர் கட்டைவிரலைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். பத்தாவது ஆளிடம் பம்ப் இருக்கும், ஆனால் டியூபின் வால்வுக்குச் சேராது. கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஒன்று, உச்சியில் திருகு வைத்த மெலிந்த வால்வு ஒன்று. இரண்டுக்கும் பொருந்தும் பம்ப்பாக வாங்கி வைத்துக்கொண்டால் யாருக்கும் உதவலாம். டயரே கிழிந்திருந்தால் அந்த இடத்தில் டயருக்கும் டியூபுக்கும் நடுவே மடித்த பணத்தாளைச் செருகிக் காற்றடித்து, மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேரலாம். தாள் உங்களுடையதாக இருந்தால் திருப்பிக் கேட்காதீர்கள்.