தோட்டத்து நாய்க்குக் கருத்தடை: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பகலெல்லாம் படியோரம் கிடக்கும் நாய், இரவில் செம்பனைக்குள் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படி அவிழ்த்துவிட்டு வளர்க்கும் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். பருவம் வந்த நாயைக் கதவடைத்துக் காப்பது நடக்காத காரியம். கூடிய 63 நாள் வாக்கில் குட்டிகள் வந்துவிடும். பால் மறந்ததும் அவற்றைச் சந்தையோரம் விட்டுவிட்டு வருவது பெரிய பாவம்.

குட்டியைவிடப் பெரிய கவலை கருப்பையில் சீழ் பிடிப்பது. நடுவயது தாண்டிய பெட்டைக்குப் பருவம் முடிந்து 4 முதல் 8 வாரத்தில் இது வரலாம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சோற்றைத் தொடாது, பின்பக்கம் சீழ் வடியும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது, வயிறு மட்டும் உப்பும். அதுதான் மிக ஆபத்து. அன்றைக்கே கிளினிக் போகவேண்டும். கருப்பையை முன்பே எடுத்த நாய்க்கு இந்தப் பயமே இல்லை. மடிக்கட்டி வரும் வாய்ப்பும் முதல் பருவத்துக்கு முன் செய்தால்தான் நன்றாகக் குறையும். நாட்டு நாய்க்கு 6 மாதம் சரியான வயது.

பாதகமும் உண்டு. 20 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டைகளில் சிலவற்றுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியும். மருந்தில் பெரும்பாலும் அடங்கும். உடம்பும் போடும், அதனால் சாப்பாட்டில் கால் பங்கைக் குறையுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், லாப்ரடார் போன்றவற்றுக்கு ஒரு வயதுக்குள் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது. வேலி போட்ட வீடாக இருந்தால் அவற்றுக்குப் பொறுத்துச் செய்யலாம்.

ஆண் நாய்க்கு அவ்வளவு அவசரமில்லை. பெட்டையைத் தேடி ரோட்டுக்கு ஓடுவது குறையும், விரைப் புற்றுநோய் வராது. பயத்தில் கடிக்கும் நாய் மட்டும் இதனால் சாதுவாகிவிடாது. ஒரு விரை இறங்காமல் வயிற்றுக்குள் தங்கியிருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். புற்று வைக்கும் இடம் அது.

கருத்தடைக்கு மலாயில் 'கெம்பிரி' என்று கேட்டால் எந்தக் கிளினிக்கிலும் புரியும். தேதி குறிக்கும்போதே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தோட்டத்து நாய் உடம்பெல்லாம் உண்ணி. உண்ணிக் காய்ச்சல் இருந்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து, மேசையிலேயே ரத்தம் நிற்காமல் போகலாம். முதலில் காய்ச்சலைக் குணப்படுத்துங்கள். பருவத்தில் இருக்கும் நாய்க்கும் ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும், 2 அல்லது 3 மாதம் தள்ளிப்போடுங்கள். முதல்நாள் இரவு 10 மணிக்குமேல் சோறு வேண்டாம். சிறு குட்டிக்குப் பட்டினி நேரம் குறைவு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையல் கெடுவது பெரும்பாலும் நக்குவதால்தான். 10 முதல் 14 நாள் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், ஓடவிடாதீர்கள். காலை மாலை காயத்தைப் பாருங்கள். ரத்தம் சொட்டினாலோ நாற்றம் வந்தாலோ திரும்பக் கொண்டுபோங்கள். மஞ்சள் அப்பவேண்டாம், வலிக்கு மனிதர் சாப்பிடும் பானடோல் (பாராசிட்டமால்) கொடுக்கவே கூடாது. ஆண் நாயிடம் ஏற்கெனவே தங்கிய விந்து தீர 6 வாரம் ஆகலாம். அதுவரை பெட்டையிடம் விடாமல் கட்டிவையுங்கள்.