ரீ.பி. எண்டு சொல்லிட்டினமோ? காசு எந்த வழியால போகுமெண்டு முதலே பாருங்கோ

எங்கட வீட்டில இவருக்கு ரீ.பி., அதுதான் காசநோய், வந்து ஆறு மாசமும் குளிசை போட்டு முடிச்சாச்சு, அந்த அனுபவத்திலதான் எழுதிறன். யாழ்ப்பாணம் பண்ணையில இருக்கிற மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, குளிசை ஒண்டுக்கும் காசு வாங்கிறேல்லை. எண்டாலும் என்ர சங்கிலி ஈட்டுக்குப் போனது. குளிசைக்கில்லை, அதைச் சுத்தி இருக்கிற மற்றச் செலவுக்கு.

முதல்ல, இருமல் ரெண்டு கிழமைக்கு மேல நிண்டா பிறைவேற்றுக்கு ஓடாதேங்கோ. கிட்ட இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, இல்லாட்டி நேர பண்ணைக்குப் போய் சளியைக் குடுங்கோ. இவர் மேசன் வேலை, சீமெந்துத் தூசியால இருமுது எண்டு நினைச்சு நாங்கள் பாணி மருந்து, பிறகு வேற டொக்டர், பிறகு ஸ்கான் எண்டு அலைஞ்சதில நோயின்ர பேர் தெரிய முதலே சங்கிலி ஈட்டுக்குப் போட்டுது.

இன்னொண்டு, மருந்து துடங்கினவுடன சலம் செம்மஞ்சளா, சிவப்பா போகும். அது ரிபாம்பிசின் குளிசையின்ர நிறம், ரத்தமில்லை. எங்களுக்கு அது தெரியாது, ராத்திரியோட ராத்திரியா ஓட்டோ பிடிச்சு பிறைவேற்றில சலம் செக் பண்ணிக் காசு குடுத்துட்டு வந்தம். ஆனா கண் மஞ்சளாகிறது, பார்வை மங்கிறது, சத்தி நிக்காமல் வாறது எண்டா அது வேற கதை, உடன கிளினிக்குக்குப் போங்கோ.

போக்குவரத்தை முதல் நாளே கதைச்சுப் போடுங்கோ. குளிசையை ஒராள் பாக்க விழுங்கவேணும் எண்டு சொல்லுவினம், அதுக்குத் தினமும் பண்ணைக்குப் போகத் தேவையில்லை, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிலயோ சுகாதார நிலையத்திலயோ ஒழுங்கு பண்ணித் தரச்சொல்லிக் கேளுங்கோ. நெடுந்தீவு, ஊர்காவற்துறைப் பக்கம் இருக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் கேக்கவேணும், போட்டுக்கும் பஸ்சுக்கும் ஒரு நாள் போனா அண்டைய கூலியும் போகும்.

அந்தக் கூலிதான் பெரிய அடி. வருமான இழப்பு, பயணம், சாப்பாடு எல்லாம் சேத்து வீட்டின்ர ஒரு வருச வருமானத்தில 20 வீதத்தைத் தாண்டினா அதைப் பேரிடர்ச் செலவு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலகத்தில ரீ.பி. வந்த குடும்பங்களில ஏறக்குறையப் பாதி அந்த நிலைக்குப் போகுதாம். நான் பிள்ளையின்ர பழைய கொப்பியின்ர பின் பக்கத்தில பஸ் காசு, முட்டை, இவர் வேலைக்குப் போகாத நாள் எல்லாம் எழுதினன், மூண்டாம் கிழமையே விளங்கீட்டுது எங்க கை வைக்கலாமெண்டு. சீட்டுப் பிடிக்கிற அக்காவிட்ட விசயத்தைச் சொல்லி முந்தி எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ. கிழமைக் கடன், மீற்றர் வட்டிப் பக்கம் தயவுசெய்து போகாதேங்கோ, மருந்து முடிஞ்ச பிறகும் அது முடியாது.

பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்ட காசநோயாளருக்கான உதவிப்பணத்துக்கு விண்ணப்பியுங்கோ. முதல் மாசமே போங்கோ, எங்களுக்கு ஆருமே சொல்லேல்லை, நாலாம் மாசம்தான் தெரிஞ்சது. கிளினிக் கடிதம், அடையாள அட்டை, பாங்க் புத்தகம் ரெண்டு ரெண்டு கொப்பி எடுத்துக்கொண்டு, ஜி.எஸ்.ஸையும் (கிராம சேவகர்) முதலே சந்திச்சிட்டுப் போனா ஒரு அலைச்சல் குறையும். பெரிய தொகை எண்டு எதிர்பாக்காதேங்கோ, ஆனா பஸ் காசும் முட்டையும் அதுக்குள்ள வந்தாலே பெரிசு. அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிப்பணம் இல்லாத ஆக்கள் அதையும் அங்கயே விசாரியுங்கோ.

சத்துமா ரின் வாங்கி அடுக்கத் தேவையில்லை. முட்டை, நெத்தலி, பயறு, முருங்கையிலை, உழுத்தம்மாக் களி, இதிலயே இவருக்கு நிறை ஏறினது.

ரெண்டு மாசத்தில நாலு மருந்து ரெண்டாக் குறையும், இருமல் நிண்டிடும், வேலைக்குக் கூப்பிடுவினம். லேசான வேலை எண்டா டொக்டரிட்டக் கேட்டுட்டுப் போகட்டும், குளிசையை மட்டும் விடவிடாதேங்கோ. இடையில விட்டு மருந்துக்கு மசியாத ரீ.பி. ஆச்செண்டா கொழும்புக்குக் கிட்ட இருக்கிற வெலிசறை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி வரைக்கும் போகவேண்டி வரும், அந்தக் கொழும்புச் செலவைக் கூலி வீடு ஒண்டு தாங்காது.

வீட்டில இருக்கிற எல்லாரையும் ஒரே நாளில கூட்டிக்கொண்டு போய்ச் செக் பண்ணுங்கோ, அதுவும் இலவசம்தான். சின்னப் பிள்ளையளை விட்டுட்டுப் போகாதேங்கோ, அதுகளுக்கு நோய் வராமல் இருக்கவும் அங்க மருந்து குடுப்பினம்.