செடிகொடிக் கட்டங்களில் கோட்டை விடுகிறீர்களா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தேநீர்க் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கை மாறி வரும்போது குறுக்கெழுத்துப் பக்கம் பாதி நிரம்பியிருக்கும். காலியாகக் கிடப்பவை பெரும்பாலும் செடிகொடிக் கட்டங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இதில் கோட்டை விடுவதுதான் வேடிக்கை.

முதல் தவறு, கட்டத்தை எண்ணாமல் எழுதுவது. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. 'விரியாத பூ' என்றதும் கை தானாக 'மொட்டு' என்று எழுதிவிடும். மூன்று கட்டம் என்றால் சரி. இரண்டு என்றால் முகை, நான்கு என்றால் அரும்பு.

எந்தச் செடி என்று பார்க்காமல் விடுவது அதைவிட மோசம். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னம்பிஞ்சு குரும்பை. எல்லாவற்றுக்கும் 'பிஞ்சு' என்று போட்டால் எங்காவது இடிக்கும். இலையும் அப்படித்தான்: தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை.

கட்டம் சரியாக நிரம்பிவிட்டதே என்று நம்பிவிடுவதும் ஆபத்து. 'பால்மரத்தில் பால் ஓடும் இடம்', மூன்று கட்டம். பால்மரம் என்றால் ரப்பர் மரம். பலர் 'தண்டு' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பால் ஓடும் நுண்குழாய்கள் இருப்பது பட்டையில். பால் வெட்டிய கைகளுக்கு இது தெரியும். கத்தி பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் கத்தி ஒழுங்காக ஓடாது. ஆக, விடை பட்டை. இதே மாதிரி உருளைக்கிழங்கை வேர் என்று நினைக்காதீர்கள், அது தண்டு. சர்க்கரைவள்ளிதான் வேர்.

சில குறிப்புகள் வேண்டுமென்றே இரண்டு பக்கம் இழுக்கும். 'தேனீ கட்டும், கடலிலும் கிடைக்கும்' என்றால் இறால். தேன்கூட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. இறால் சம்பலை மட்டுமே நினைத்தால் தேனீ எங்கிருந்து வந்தது என்று விழிக்க வேண்டியதுதான். 'மலையில் குளிரும், செடியில் அரிக்கும்' என்பது சுனை. கரும்புத் தோகை கையில் உரசினால் அரிக்குமே, அந்தப் பூமுள்ளுக்கும் சுனை என்றுதான் பெயர். எனக்குப் பிடித்தவை இந்த வகைதான். குறிப்பின் ஒரு பாதிக்கு மட்டும் விடை பொருந்துகிறது என்றால் அது விடையே இல்லை.

அப்புறம், இந்த லகர ழகரத் தொல்லை. செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், பழம் தொங்குவது குலை. 'குழை' என்று எழுதினால் அது தளிராகிவிடும், மேலிருந்து கீழே வரும் சொல்லும் கெடும்.

ஊர்ப் பழங்களுக்கு ஒரே எழுத்துமுறை கிடையாது. டுரியான், டுரியன் இரண்டுமே நான்கு கட்டம்தான். மூன்றாவது எழுத்து 'யா'வா 'ய'வா என்பதைக் குறுக்கே வரும் சொல்தான் முடிவு செய்யும். அதுவரை பென்சிலில் எழுதுங்கள்.